கருகல் குடிக்காத மழை

நீலகிரியில் ஒரு டீ ஃபேக்டரி. அதன் அடுப்புக்குப் பின்னால் எரிபொருள் கொட்டகை. ஒரு ஐப்பசி மாதத்தில் அந்தக் கொட்டகைக்குள் இருநூறு மூட்டை வெள்ளைக் கட்டிகளும், வெளியே வெட்டவெளியில் இருபது மூட்டைக் கறுப்புக் கட்டிகளும் இருந்தன. இரண்டுமே மரத்தூளை இறுக்கி அழுத்திச் செய்தவை. சுண்டுவிரலில் பாதி நீளம் இருக்கும். விறகுக்குப் பதிலாக இப்போது அவற்றைத்தான் அடுப்பில் போடுகிறார்கள்.

கறுப்புக் கட்டிகளில் ஒன்றுதான் கருகல். அந்தப் பெயரை வைத்தவை வெள்ளைக் கட்டிகள். வேறு யாரோ வைத்திருந்தால் அதற்கு இவ்வளவு வலித்திருக்காது. எல்லாம் ஒரே சில்வர் ஓக் மரத்தின் தூள். அறுத்த அன்று பாதித் தூள் நேராக அச்சுக்குப் போயிற்று. மீதிப் பாதி இரும்பு உருளைக்குப் போயிற்று. கருகல் அந்த மீதிப் பாதி.

அந்த உருளையில் காற்று கிடையாது. காற்று இல்லாததால் தீயும் கிடையாது, சூடு மட்டும்தான். எரிந்து தொலையவும் விடாது, ஆறிப்போகவும் விடாது. முதலில் உள்ளே இருந்த தண்ணீர் போயிற்று. அப்புறம், தண்ணீரைக் கண்டால் கை நீட்டுகிற குணமே போயிற்று. பத்தில் மூன்று பங்கு எடையும் கூடவே போயிற்று. அதற்குப் பிறகுதான் அச்சு. அச்சிலிருந்து விழுந்தபோது கருகல் வறுத்த காப்பிக்கொட்டை நிறத்தில் இருந்தது.

"என்ன இது, அடையாளமே தெரியலையே?" என்று வெள்ளைக் கட்டி ஒன்று கேட்டது.

"வெந்துட்டேன்."

"எங்கள மாதிரி மணமா இருந்திருக்கலாம்ல?"

கேட்டா வேக வைத்தார்கள்? இவ்வளவு பட்டது எதற்கு, ஒரு நாள் அடுப்பில் விழுந்து நன்றாக எரிவதற்குத்தானே என்று கருகல் தன்னைத் தேற்றிக்கொண்டது.

அதற்கும் வந்தது வினை. டீமேக்கர் போஜன் மூட்டையைப் பிரித்து ஒரு கை அள்ளி முகர்ந்து பார்த்தார். டீத்தூளின் பக்குவம் முழுவதும் அவர் பொறுப்பு. அந்த வேலை பார்ப்பவர்களுக்கு உயிர் மூக்கில்தான் இருக்கும். டீயில் துளி புகை வாடை ஏறினாலும் அத்தனையும் பாழ் என்று பயந்தே பழகியவர்கள்.

"ஐயோ, ஒரே கருகல் வாடை! சந்தனண்ணே, இத உள்ள வைக்காதீங்க. டீயில ஏறிரும்."

அடுப்பைப் பார்த்துக்கொள்ளும் சந்தனம் தலையைச் சொறிந்தார். "புகையெல்லாம் புகைபோக்கி வழியா போயிருதுங்களே தம்பி. டீக்கு வர்றது சுடுகாத்து மட்டுந்தானே?"

"எனக்குச் சொல்லித் தர்றீங்களா? வெளிய போடுங்க. திங்கக்கெழம சாம்பக் குழியில கொட்டிருங்க."

கருகலுக்கு வயிறு எரிந்தது. அடுப்பில் எரிய வந்தது, கடைசியில் குழியில் மட்கப் போகிறது. எரிந்தால் சாம்பலாவது ஆகலாம். எரியாமலேயே சாம்பலோடு படுப்பது என்ன பிழைப்பு?

வெள்ளி மதியம் மழை வந்தது.

மூட்டையின் இடுக்கு வழியாக உள்ளே நுழைந்து, கருகலின் மேல் கை வைத்தது. "தாயி, என்னத் தெரியுதா? நீ விதையா கெடந்தப்போ மொதல்ல தொட்டது நாந்தான். இருபத்தஞ்சு வருசம் ஊத்தி வளத்தேன்."

"தெரியுது."

"அப்புறம் என்ன? குடி."

கருகல் முயன்றது. உண்மையாகவே முயன்றது. தண்ணீர் அதன் மேல் உருண்டு, அடுத்த கட்டியின் மேல் விழுந்து, மூட்டையின் அடிவழியாக வெளியே போயிற்று.

"ஒரு வாய்கூட வேண்டாமா?" என்றது மழை. "அப்படி என்ன கோவம் எம்மேல?"

"கோவம் இல்ல. குடிக்கிற வாயே வெந்து போச்சு."

மழை நம்பவில்லை. பெற்றவளை வாசலில் நிற்க வைத்துவிட்டதாகப் புலம்பிக்கொண்டே கொட்டகைப் பக்கம் போயிற்று. அங்கே கூரை நன்றாகத்தான் இருந்தது, தார்ப்பாயும் போட்டிருந்தார்கள். ஆனால் மூட்டைகளை வெறும் சிமெண்ட் தரையில் அடுக்கியிருந்தார்கள். மழை தரையில் ஊறியது. மூடுபனியாகித் தார்ப்பாய்க்கு அடியில் புகுந்தது.

"வா, வா!" என்று வெள்ளைக் கட்டிகள் ஒன்றுசேரக் கூவின. "எவ்வளவு நாளாச்சு!"

குடித்தன. போதும் என்று சொல்லத் தெரியாமல் குடித்தன. ஒன்று இரண்டாகப் பருத்தது. பருத்தது விரிந்தது. சனிக்கிழமை காலையில் மூட்டைகளின் தையல் பிரிந்தது. உள்ளே கட்டி என்று சொல்ல ஒன்றுமில்லை. ஈர மரத்தூள், அறுத்த அன்று இருந்தது போலவே. மழைக்கு அதில் ஒரே சந்தோஷம்.

அன்று பதினோரு மணிக்கு இலை அரைபட்டுத் தரையில் பரப்பியாயிற்று. சுற்றிலும் அறுபது வீட்டுக்காரர்கள் பனியில் நனைந்து கிள்ளிக் கொண்டுவந்த இலை. அரைத்த இலை தரையில் கிடக்க ஒரு கணக்கு உண்டு. செம்பு நிறம் வந்ததும் சூட்டுக்குப் போய்விட வேண்டும். தாமதித்தால் புளித்துப்போகும். புளித்த இலையை யாரும் தொடமாட்டார்கள்.

சந்தனம் ஈரத்தூளை மண்வெட்டியால் அள்ளி அடுப்பில் போட்டார்.

"பசின்னு கேட்டா கஞ்சிய ஊத்துறான்!" என்று தீ இருமியது. "மொதல்ல இந்தத் தண்ணிய விரட்டவே எஞ்சீவன் போகுது. எங்கேர்ந்து சூடு குடுக்க?"

புகைபோக்கிக்குப் போக முடியாமல் புகை அடுப்பு வாய் வழியாகவே திரும்பி வந்தது. போஜன் மூக்கைப் பொத்திக்கொண்டு ஓடிவந்தார்.

"என்ன அண்ணே, இப்படிப் புகையுது?"

"சூடு எறங்கிக்கிட்டே போகுது தம்பி. ரோட்டுல மண்ணு சரிஞ்சு கெடக்கு, வெறகு லாரியும் வராது."

"இல புளிச்சிரும்ண்ணே!"

"அதான் சொல்றேன். வெளிய கெடக்கிறதப் போடவா?"

"ஒரு நாளு முழுசா நனைஞ்சிருக்கே? இதவிட மோசமாத்தான இருக்கும்?"

சந்தனம் பதிலுக்கு நிற்காமல் மழையில் இறங்கினார். மூட்டையை அவிழ்த்துக் கை விட்டார். கையில் வந்தது கருகல். ஸ்வெட்டரில் ஒரு தடவை துடைத்து, உள்ளே வந்து போஜன் முன்னால் இரண்டு விரலால் அழுத்தி ஒடித்தார். டக்கென்று ஒடிந்தது. உள்ளிருந்து காய்ந்த தூசி பறந்தது.

போஜன் ஒடிந்த துண்டை வாங்கிப் பார்த்தார். இந்த முறை முகர்ந்து பார்க்க அவருக்குத் துணிவு வரவில்லை. "போடுங்க," என்றார். பிறகு அவரே வெளியே போய், அவிழ்த்த மூட்டையைத் தோளில் ஏற்றி வந்தார்.

"இவ்வளவு மழைக்கும் ஒரு சொட்டு உள்ள விடல. என்னா உறுதி பாத்தீங்களா!" என்றார் சந்தனம்.

கருகலுக்குச் சிரிப்பு வந்தது. உறுதியாம். குடிக்கிற வாய் இல்லாமல் போனதற்கு எவ்வளவு நல்ல பெயர்!

அதன் இரண்டு துண்டுகளும் மண்வெட்டியின் நுனியில், அடுப்பு வாய்க்கு எதிரே இருந்தன. சந்தனத்தின் நனைந்த தொப்பியிலிருந்து ஒரு சொட்டு அதன் மேல் விழுந்தது. மழைதான்.

"போறியா?" என்றது மழை. "கடைசி வரைக்கும் எங்கிட்ட ஒரு சொட்டு வாங்கலையே நீ. கொட்டகையில கெடக்கறதெல்லாம் எம்புள்ளைக. வயிறார வாங்கிக்கிச்சு."

"வாங்கிக்கிச்சு. எனக்கும் ஆசதான். முடியல," என்றது கருகல். "உள்ள தரையில ஒரு இல காத்துக் கெடக்கு பாரு. அது யாரு வளத்தது?"

மழை எட்டிப் பார்த்தது. "அதுவும் நாந்தான்."

"உங்கிட்ட என்னால வாங்க முடியல. அதுக்குச் சூடாக் குடுத்துட்டுப் போறேன்."

சந்தனம் மண்வெட்டியைக் கவிழ்த்தார். தீ இருமலை நிறுத்திவிட்டு நிமிர்ந்தது. இன்னும் பத்தொன்பது மூட்டைகளை வெளியிலிருந்து சுமந்து வர வேண்டியிருந்தது. அந்தப் பத்தொன்பதும் உள்ளே போய்ச் சேரும்வரை மழை வெறும் தூறலாக ஒதுங்கி நின்றுகொண்டது.