பொம்மைக் கட்டிலுக்குப் பூசிய மஞ்சள்

வாருங்கள், இப்படி நெருங்கி உட்காருங்கள். அந்தக் காலத்தில் மருதவேலன் என்று ஒரு ராஜா. அவருக்கு ஒரே மகள், பல் முளைக்கிற வயசு. அவளுக்காக ஒரு பொம்மை வீடு கட்டினார். அதில் வைக்க விரலளவு மரக்கட்டில், ஊஞ்சல், நாற்காலி வேண்டும், அழகாகச் செய்பவரே இனி அரண்மனைக் கடைசல்காரர் என்று முரசறையச் சொன்னார்.

பூவாத்தா மரம் கடைந்து பிழைப்பவள். இந்தப் பதவி கிடைத்தால் சந்தை சந்தையாகச் சுமை தூக்கும் பாடு தீரும். ஆசை இருக்காதா பின்னே! கட்டிலைக் கடைந்தாள், மஞ்சள் கலந்த அரக்கைப் பூசினாள், தாழை மடலால் தேய்த்தாள். தேய்த்தாள், தேய்த்தாள், முகம் தெரியும்வரை தேய்த்தாள். நிறம் மட்டும் கொஞ்சம் மங்கல்தான்.

எதிர்வீட்டுக் கடைசல்காரர் திருமேனி அதைப் பார்த்துச் சிரித்தார். தாளகக் கல்லை அரைத்துக் கலந்தால் தங்கமே தோற்றுப்போகும் என்றார். பூவாத்தாவின் கையும் அந்தக் கல்வரைக்கும் போனது. எலிக்கு வைக்கிற விஷமாயிற்றே என்று எடுக்காமல் விட்டாள்.

சபை கூடியது. திருமேனியின் கட்டிலைப் பார்த்து ராஜா அடடா என்றார், ராணி அடடா என்றார், மந்திரி அதைவிடப் பெரிய அடடா போட்டார். பூவாத்தாவின் கட்டிலை ஒருவரும் சீண்டவில்லை. பாவம், அவளுக்கு அழுகை முட்டியது.

ராஜா திருமேனியின் கட்டிலை மகளிடம் நீட்டினார். குழந்தை என்ன செய்யும்? வாயைத் திறந்தது.

பூவாத்தா பாய்ந்து அதைப் பிடுங்கினாள். ராஜா கையிலிருந்தே பிடுங்கிவிட்டாள்! காவலர்கள் ஈட்டியோடு ஓடிவந்தார்கள். ஆனாலும் அவள் தன் கட்டிலின் காலை நறுக்கென்று கடித்துக் காட்டிவிட்டு, மற்றதைத் திருமேனியிடம் நீட்டினாள்.

"அண்ணே, என்னுடையதை நான் கடித்துவிட்டேன். உங்களுடையதை நீங்கள் கடியுங்கள்."

திருமேனி பல்வலி என்றார். பிறகு விரதம் என்றார். பிறகு வியர்த்து வழிந்தார்.

"கண்ணுக்கு அழகாக இருந்தால் போதும் என்று தாளக விஷத்தைக் கலந்துவிட்டேன் மகாராஜா" என்று காலில் விழுந்தார்.

ராஜா மகளை அள்ளி அணைத்துக்கொண்டார். நச்சுக் கட்டிலைக் குழிதோண்டிப் புதைக்கச் சொன்னார். பூவாத்தா அரண்மனைக் கடைசல்காரி ஆனாள். திருமேனிக்கு என்ன தண்டனை தெரியுமா? மூன்று மாதம் அவள் பட்டறையில் மஞ்சள் இடிக்க வேண்டும். தும்மித் தும்மி இடித்தார் மனிதர்.

யார் கைக்குப் போகிறது என்று நினைத்துச் செய்கிற வேலையே நல்ல வேலை.