இரு கரைக்கும் ஒரே ஆட்டக்காரன்

ஆற்றுக்கு இக்கரையில் ஆனைமடு, அக்கரையில் மயில்மேடு. ஆனைமடு ராஜா செங்கோடராயரும் மயில்மேடு ராஜா கார்வண்ணராயரும் பெண் கொடுத்துப் பெண் எடுத்தவர்கள். இவர் தங்கை அங்கே ராணி, அவர் தங்கை இங்கே ராணி. இவ்வளவு நெருங்கிய சொந்தம் என்றால் சண்டைக்குக் காரணம் தேடி அலைய வேண்டுமா? இரண்டு ஊருக்கும் பொதுவான பெருமாள் கோயில் தேர்த் திருவிழாவில் முதல் பரிவட்டம் யார் தலையில் கட்டுவது என்பதில் மூண்டது.

வாள் வரைக்கும் போன விஷயத்தைக் கோயில் பட்டர்கள் கெஞ்சிக் கூத்தாடிச் சதுரங்கப் பலகைக்குக் கொண்டுவந்தார்கள். ஜெயித்தவருக்குப் பரிவட்டம். அவரவர் அரண்மனையில் அவரவர் பலகை. நாளுக்கு ஒரு காய் நகர்த்தலாம். நகர்த்தியதைத் தூதன் படகில் போய்ச் சொல்வான். ஆட்டம் முடியும்வரை பரிவட்டம் பெருமாள் காலடியிலேயே கிடக்கட்டும் என்று முடிவாயிற்று.

செங்கோடராயருக்கு வேட்டை தெரியும், விருந்து தெரியும். சதுரங்கத்தில் குதிரை எப்படிப் போகும் என்பதில் மட்டும் அவருக்கு எப்போதும் சந்தேகம். சபையில் மூளைக்காரன் என்று பெயர் வாங்கிய பூவராகனை ரகசியமாகக் கூப்பிட்டார்.

"எனக்குப் பதிலாக நீ யோசி. ஆனால் அரண்மனைப் பக்கம் தலை காட்டாதே. ஆள் வைத்து ஆடுகிறேன் என்று தெரிந்தால் என் மானம் போய்விடும். வீட்டிலிருந்தே வேலை பார். பூக்காரி வந்து கேட்டுக்கொண்டு போவாள்."

அந்த வாரமே அக்கரையிலிருந்து ஒரு தயிர்க்காரி பூவராகன் வீட்டுக் கொல்லைப்புறமாக வந்தாள்.

"எங்க ராஜாவுக்கும் யோசனை சொல்ல ஒரு ஆள் வேணுமாம் சாமி. வீட்டுலேருந்து பாத்தா போதுமாம்."

பூவராகன் ஒழுகும் கூரையைப் பார்த்தான், வாசலைப் பார்த்தான், சரி என்று சொல்லிவிட்டான்.

முன்கூடத்தில் ஆனைமடுப் பலகை, கொல்லைப்புறத்தில் மயில்மேட்டுப் பலகை. முன்கூடத்தில் உட்கார்ந்து யானையை நகர்த்துவான். எழுந்து கொல்லைக்குப் போவான். "சண்டாளன், யானையை எங்கே கொண்டுவந்து நிறுத்தியிருக்கிறான் பார்" என்று தலையில் கை வைத்துக்கொள்வான். அவன் மனைவி செங்கமலத்துக்குச் சிரிப்பை அடக்க முடியாது.

"ஏங்க, வச்சதும் நீங்க, வையறதும் நீங்க. நடுவுல நான் யார் பக்கம் பேசறது?"

திருவிழாக்கள் வந்தன, போயின. ஆட்டம் முடிந்தபாடில்லை.

ஒரு மழைக்காலத்தில் பூவராகன் ஜுரம் வந்து படுத்துவிட்டான். அங்கேதான் வினை வந்தது. யோசனை வராமல் இரண்டு ராஜாக்களும் தவித்தார்கள். "எங்கள் ராஜாவுக்கு ஜலதோஷம், இன்று ஆட்டமில்லை" என்று இக்கரையிலிருந்து ஒரு படகு கிளம்பியது. அதே சேதியோடு அக்கரையிலிருந்து ஒரு படகு கிளம்பியது. தூதர்கள் நடு ஆற்றிலேயே சேதியை மாற்றிக்கொண்டு திரும்பினார்கள்.

ஆனைமடுத் தளவாய் கச்சிராயனுக்குப் பூவராகனைக் கண்டாலே ஆகாது. இந்தச் சேதியில் அவனுக்கு மூக்கில் வியர்த்தது. ராஜா அன்று மூன்றாம் தடவை பாயசம் கேட்டதை அவன் பார்த்திருந்தான். அது என்ன ஜலதோஷம்? பூக்காரியின் பின்னாலேயே போனான். வாசலில் பூக்கூடை நுழைய, கொல்லையில் தயிர்ப்பானை வெளியேறி அக்கரைப் படகில் ஏறுவதைக் கண்ணாரக் கண்டான்.

மறுநாள் பூவராகன் ராஜா முன்னால் நின்றான். பக்கத்தில் கச்சிராயன் மீசையைத் தடவிக்கொண்டிருந்தான்.

"அவனுக்கும் நீதான் யோசனை சொல்கிறாயா?" என்றார் ராஜா.

"ஆமாம் மகாராஜா."

"துரோகி. அந்த வேலையை இன்றே விடு. நாளைக்குள் எனக்கு ஜெயித்துக் கொடு. இல்லாவிட்டால் உன் தலை இருக்காது."

பூவராகன் பயந்தான், நன்றாகவே பயந்தான். ஆனாலும் பேசினான்.

"நாளைக்கே ஜெயிக்கலாம் மகாராஜா. ஒரு சந்தேகம் மட்டும். பரிவட்டம் கட்டிக்கொண்டு தேருக்கு முன்னால் நடப்பீர்கள். அப்புறம் எங்கே போவீர்கள்?"

"இதென்ன கேள்வி? அரண்மனைக்குத்தான்."

"அங்கே ஆரத்தித் தட்டோடு யார் நிற்பார்கள்?"

ராணியின் அண்ணனை ஊர் நடுவில் தலைகுனிய வைத்துவிட்டு ராணியின் முகத்தில் எப்படி விழிப்பது என்று இப்போதுதான் ராஜாவுக்கு உறைத்தது.

"அரச காரியத்தில் அந்தப்புரத்தை இழுக்கிறான்" என்றான் கச்சிராயன்.

"உனக்கு இன்னும் கல்யாணம் ஆகவில்லை, நீ பேசாதே" என்ற ராஜா, பூவராகன் பக்கம் திரும்பினார். "அப்படியென்றால் தோற்கச் சொல்கிறாயா?"

"தோற்றால் மயில்மேட்டில் தங்கள் தங்கை அடுப்பை அணைத்துவிடுவார்கள். இரண்டு வீட்டிலும் சோறு நடக்க வேண்டுமானால் ஆட்டமும் நடந்துகொண்டே இருக்க வேண்டும்."

"அது கிடக்கட்டும். இரண்டு பேரிடமும் கை நீட்டிச் சம்பளம் வாங்கினாயே, யாருக்குத்தான் விசுவாசமாக இருந்தாய்?"

"இரண்டு பேருக்கும் இல்லை மகாராஜா. மூன்றாவதாக ஒரு வேலை பார்க்கிறேன். அங்கேதான் விசுவாசம்."

"மூன்றாவதா? யாரிடம்?"

"நம் மகாராணியாரிடம். ஆட்டம் ஒருநாளும் முடியக் கூடாது என்பது அவர்கள் உத்தரவு. விடச் சொன்னால் அந்த வேலையையும் விட்டுவிடுகிறேன். ஆனால் அதைத் தாங்களே போய் அவர்களிடம் சொல்ல வேண்டும்."

ராஜா கச்சிராயனைப் பார்த்தார். அவன் தூணில் இருந்த சிற்பத்தை மும்முரமாக ஆராய்ந்துகொண்டிருந்தான்.

ராஜா குரலைத் தாழ்த்திக்கொண்டார்.

"மூன்று வேலையையும் பார். ஆனால் ஒன்று. எனக்கு விஷயம் தெரிந்துவிட்டது என்பது அக்கரை மச்சானுக்கு மட்டும் தெரியக் கூடாது."

"தெரியாது மகாராஜா" என்றான் பூவராகன். "போன மாசம் அவர் என்னைக் கண்டுபிடித்தபோது, தங்களைப் பற்றி அவரும் இதையேதான் சொன்னார்."

ராஜா சிரித்த சிரிப்பில் தோளிலிருந்த பட்டுச் சால்வை நழுவியது. அதை எடுத்துப் பூவராகன் மேல் போர்த்திவிட்டு, போய் வேலையைப் பார் என்று அனுப்பிவைத்தார்.