மீன் வில்லை வைத்த சைக்கிள்

காக்கா பறந்தால் கிட்டம், கால் நடந்தால் எட்டம், சைக்கிளில் போனால் சரியான தூரம் என்று ஒரு ஊர் இருந்ததாம். கோவில்பட்டிக்குக் கிழக்கே இருந்தது அந்த ஊர். அங்கே பேச்சித்தாய் என்று ஒருத்தி பழைய இரும்புக் கடை வைத்திருந்தாள். வயது நாற்பது இருக்கும்.

அந்தக் கடைக்கு இரும்பு போட வருகிறவர்களை விட, சைக்கிளைத் தள்ளிக்கொண்டு வருகிறவர்கள்தான் அதிகம். எல்லாம் பழைய சைக்கிள். இது எந்தக் கம்பெனி, எந்த மாடல் என்று கேட்பார்கள். அவள் பார்ப்பாள், சொல்லுவாள். சொன்னால் சொன்னதுதான். மதுரையிலிருந்து வந்தவர்களும் சரி, சென்னையிலிருந்து கார் மேலே கட்டிக்கொண்டு வந்தவர்களும் சரி, அதற்கு மேல் ஒரு கேள்வி கேட்டதில்லை.

அவளுக்கு ஒரு சீடர் இருந்தார். தவசிமுத்து என்று பெயர். பஸ் கண்டக்டராக இருந்து ஓய்வு பெற்றவர், அவளை விட இருபது வயதாவது மூத்தவர். அவர் அவளை வாத்தியாரம்மா என்பார். அவள் அவரை அண்ணாச்சி என்பாள். இதில் யார் குரு, யார் சீடர் என்று புதிதாக வருகிறவர்கள் முழிப்பார்கள்.

வந்து சேர்ந்த நாளில் அவர் கேட்டது ஒரே கேள்வி. ஒரு சைக்கிளில் எதை நம்பக் கூடாது?

பேச்சித்தாய் வாயால் பதில் சொல்லவில்லை. கையிலிருந்த பழைய வேட்டித் துணியை எடுத்து, எதிரே நின்ற சைக்கிளின் முகத்தில், கைப்பிடிக்குக் கீழே கம்பெனிக்காரன் பதித்திருக்கும் பித்தளை வில்லையின் மேலே கட்டினாள்.

"இப்பப் பாருங்க" என்றாள்.

அந்தக் கடையின் வழக்கம் அதுதான். முதலில் வில்லையை மூட வேண்டும். பிறகு சக்கரத்தில் ஆரம்பித்து, முன் கவட்டை, பல் சக்கரம், குழாய்கள் சேருகிற மூட்டு என்று தடவிக்கொண்டே மேலே வர வேண்டும். பெயர் கடைசியில்தான். வில்லையைக் கழற்றி மாட்ட ஒரு வெற்றிலை போடுகிற நேரம் போதும். இரும்பை அப்படி மாற்ற முடியாது.

தவசிமுத்துவுக்கு இது வெல்லமாக இனித்தது. காலாவதியான பாஸில் தேதியைக் கட்டைவிரலால் மறைத்து நீட்டுகிறவர்களோடு காலமெல்லாம் மல்லுக்கட்டியவர் அவர். பொய் எந்தப் பக்கம் ஏறி எந்தப் பக்கம் இறங்கும் என்று அவருக்குத் தெரியும். அந்த வருஷம் பூராவும் போலி வில்லை ஒட்டிய சைக்கிள்களாகப் பார்த்துப் பார்த்துப் பிடித்துக் கொடுத்தார். துணி அவர் தோளை விட்டு இறங்கவே இல்லை.

ஒரு நாள் காலையில் சாத்தூர்ப் பக்கமிருந்து ஒருவர் வந்தார். அய்யாத்துரை என்று பெயர் சொன்னார். வெயிலில் வெளுத்துச் சாம்பலாகிப்போன ஒரு சைக்கிளைத் தள்ளிக்கொண்டு வந்திருந்தார். அதன் முகத்தில் மீன் வடிவத்தில் ஒரு வில்லை பளபளத்தது.

அது அவர் அப்பாவின் சைக்கிள். அப்பா அதிகம் பேசாத மனிதர். வாழ்நாளில் அவர் அடித்துக்கொண்ட பெருமை ஒன்றே ஒன்றுதான். தன் சைக்கிள் மீன் மார்க் கம்பெனியின் தந்தி மாடல். அந்தக் காலத்தில் தந்தி கொண்டுபோகிறவர்களுக்கென்று செய்தது. அது ஜில்லாவிலேயே தன்னிடம் மட்டும்தான் இருக்கிறது. இவ்வளவுதான் அவர் பேச்சு.

சித்தப்பா விடுவாரா? ஒவ்வொரு கல்யாணப் பந்தியிலும் இதைச் சொல்லித்தான் ஆரம்பிப்பாராம்: "எங்க அண்ணன் சந்தைக்குப் போயி மீன் வாங்குனான். குழம்பு வைக்கலை. சைக்கிள்ல ஒட்டிட்டான்."

பந்தியே சிரிக்குமாம். அப்பா இலையைப் பார்த்துக்கொண்டு சாப்பிடுவாராம்.

இப்போது அப்பாவுக்கு வாதம் வந்து நாக்கு விழுந்துவிட்டது. வலது கை மட்டும் அசைகிறது. நாள் தள்ளாது என்று டாக்டர் சொல்லிவிட்டார்.

"அவரு சொன்னது நெசமான்னு எனக்குத் தெரியணும்க்கா" என்றார் அய்யாத்துரை. "நெசம்னா, அவருக்குக் காது கேக்கும்போதே போயிச் சொல்லிருவேன். இல்லைன்னா, எனக்கு மட்டும் தெரிஞ்சாப் போதும்."

பேச்சித்தாய் சைக்கிளை ஒரு தடவை பார்த்தாள். பிறகு சீடரைப் பார்த்தாள்.

"இன்னைக்கு நீங்க சொல்லுங்க அண்ணாச்சி" என்றாள். சொல்லிவிட்டு, தராசுப் பக்கத்தில் கிடந்த மூட்டையில் உட்கார்ந்துகொண்டாள்.

தீர்ப்பு இதுவரை அவர் வாய்க்கு வந்ததில்லை. தவசிமுத்து வேட்டியை மடித்துக் கட்டினார். வில்லையைத் துணியால் மூடினார். குனிந்தார். சக்கரத்தைச் சுற்றி விட்டுக் காதை வைத்துக் கேட்டார். முன் கவட்டையைத் தடவினார். பல் சக்கரத்தில் ஓடிய பூவேலையை விரலால் தொடர்ந்தார். மூட்டுகளில் நகத்தால் சுரண்டினார். கடைசியில் துணியின் ஓரத்தை லேசாகத் தூக்கி, வில்லையை அல்ல, அதைப் பிடித்திருந்த திருகாணிகளைப் பார்த்தார். துணியைத் திரும்ப இறக்கி விட்டார்.

நிமிர்ந்தபோது அவர் முகத்தில் சந்தேகமே இல்லை.

மீன் மார்க் கம்பெனி அந்தக் காலத்தில் ரெண்டு மாடல்தான் போட்டான் என்று அவர் விளக்கினார். ஒன்று ரோடு மாடல், ஊருக்கெல்லாம் வந்தது. இன்னொன்று தந்தி மாடல், அபூர்வம். இரண்டுக்கும் உடம்பு ஒன்றேதான், நூல் வித்தியாசம் கிடையாது. ரோடு மாடலுக்கு வட்ட வில்லை வைத்தான், தந்தி மாடலுக்கு மீன் வில்லை வைத்தான். வித்தியாசம் அந்த வில்லை ஒன்றுதான்.

"அப்ப இந்த வண்டிக்கு ஒரே சாட்சி இந்த வில்லை. கம்பெனிக்காரன் இதை ஆணி அடிச்சு இறுக்கித்தான் அனுப்பினான். இதுல இருக்கிறது நேத்துக் கடையில வாங்குன மாதிரித் திருகாணி. யாரோ கழட்டி மாட்டியிருக்காங்க. சாட்சி கெட்டுப்போச்சு தம்பி. இது ரோடு மாடல்."

அய்யாத்துரை தலையை மட்டும் ஆட்டினார். சைக்கிளைத் திருப்பினார். வாசல் வரைக்கும் தள்ளிக்கொண்டு போய்விட்டார்.

"தம்பி" என்றாள் பேச்சித்தாய். "உங்க வீட்டுல ஆயுத பூஜைக்கு இந்த சைக்கிளை எப்படிக் கும்பிடுவீங்க?"

அவர் நின்றார். அது என்ன கேள்வி என்பது போலப் பார்த்தார்.

எல்லாரும் கழுவிப் பொட்டு வைத்தால், அப்பா மட்டும் வில்லையைக் கழற்றி எடுப்பார் என்று சொன்னார். புளி போட்டுத் தேய்ப்பார். வில்லை இருந்த இடத்தில் சந்தனம் பூசி, அதன் மேலேயே வில்லையைத் திரும்ப மாட்டுவார். வெளியே பூசினால் மழை கொண்டுபோய்விடும், உள்ளே பூசினால் வருஷம் பூரா இருக்கும் என்பார். ஆணி எப்போதோ போய்விட்டது. அதற்குப் பிறகு திருகாணிதான், அதுவும் துருப்பிடிக்கிறதென்று அடிக்கடி புதிது வாங்குவார்.

தவசிமுத்துவின் கை தோளுக்குப் போனது. அங்கே துணி இல்லை. சைக்கிளிலேயே கட்டியபடி இருந்தது.

பேச்சித்தாய் எழுந்து போனாள். துணியை அவிழ்த்துக் கையில் சுற்றிக்கொண்டாள். ஒரு திருப்புளியை வைத்து இரண்டு திருகாணிகளையும் கழற்றினாள். வில்லை கையோடு வந்தது. அடியில் சந்தனம் காய்ந்து பாளம் பாளமாக ஒட்டியிருந்தது, மாட்டுத் தொழுவத்துச் சுவர் மாதிரி.

துணியைத் தண்ணீரில் நனைத்தாள். அவசரப்படாமல் துடைத்தாள். ஒரு படை போனது. இன்னொரு படை போனது. சந்தன வாசம் அந்தத் துரு வாசத்துக்கு நடுவில் கிளம்பி வந்தது.

பிறகு விலகி நின்றாள்.

சாம்பலாய் வெளுத்த குழாயின் முகத்தில், அடர்ந்த பச்சையில் ஒரு மீன் இருந்தது. வாலும் துடுப்பும் விளிம்பு பிசகாமல் இருந்தன. கம்பெனியில் பெயிண்ட் அடித்த நாளின் பச்சை அது. வெயில் ஒரு தடவைகூடத் தொடாத பச்சை.

வட்டம் இல்லை.

"ஒரு வருஷம் ரெண்டு வருஷத்துல இப்படி நிழல் விழாது" என்றாள் பேச்சித்தாய். "இரும்பு பெறந்ததுலேருந்து மீன் அங்கேயேதான் இருந்திருக்கு. தந்தி மாடல், தம்பி. அப்பாகிட்ட நான் சொன்னேன்னு சொல்லுங்க."

அய்யாத்துரை அந்தப் பச்சை மீனை ஒரு விரலால் தொட்டார். கொஞ்ச நேரம் விரலை எடுக்கவில்லை.

அவள் வில்லையை மாட்டப் போனாள். அவர் தடுத்தார்.

"வேண்டாம்க்கா. வலது கை இன்னும் அசையுது. அவரே மாட்டட்டும்."

வில்லையையும் திருகாணிகளையும் சட்டைப் பையில் போட்டார். பையைப் பொத்தான் போட்டு மூடினார். சைக்கிளைத் தள்ளிக்கொண்டு நாலு எட்டு ஓடி, தாவி ஏறினார். புழுதி அடங்குகிற வரைக்கும் இருவரும் பார்த்துக்கொண்டு நின்றார்கள்.

சித்தப்பா இனிமேல் பந்தியில் எதைச் சொல்லி ஆரம்பிப்பார் என்று நினைத்துப் பேச்சித்தாய் மெல்லச் சிரித்துக்கொண்டாள். தவசிமுத்து சிரிக்கவில்லை.

அவர் அவள் பக்கம் திரும்பினார்.

"வாத்தியாரம்மா. வில்லையை நம்பாதேன்னு நீங்கதானே சொன்னீங்க."

"நான் எங்கே சொன்னேன்?"

அவர் யோசித்துப் பார்த்தார். அவள் வாயால் சொன்னதில்லைதான். துணியைத்தான் கட்டினாள்.

"துணியைப் போட்டு மூடினீங்களே. நம்ப வேண்டாம்னுதானே அதுக்கு அர்த்தம்?"

பேச்சித்தாய் கையில் சுற்றியிருந்த துணியை அவிழ்த்தாள். சந்தனமும் துருவும் கலந்து அது செம்மஞ்சளாகிக் கிடந்தது. இரண்டு உதறு உதறி, மடித்து, அவர் தோளில் போட்டாள்.

"இது துடைக்கத்தான் வெச்சிருந்த துணி அண்ணாச்சி. துடைக்கிறதுக்கு முன்னாடி கொஞ்ச நேரம் மூடி வெச்சேன். நீங்க அதோட நின்னுட்டீங்க."

சொல்லிவிட்டு அவள் உள்ளே போனாள். தராசில் படிக்கல் வைக்கிற சத்தம் கேட்டது.

தவசிமுத்து தன் சைக்கிளை எடுத்தார். ஏறவில்லை. அதன் முகத்தில் அழுக்கேறிக் கறுத்துப்போயிருந்த வில்லையை இப்போதுதான் பார்க்கிறவர் மாதிரி பார்த்தார். தோளிலிருந்த துணியின் ஓரத்தால் அதைத் தேய்த்துக்கொண்டே, சைக்கிளைத் தள்ளியபடி தெருவோடு நடந்து போனார்.