காலி வளைக்குக் கூடுதல் விலை

மாசி முதல் தேதி, மாலை ஆறு மணி. ஏழு வளைகளுக்குச் சொந்தக்காரியான செதிலாயி என்ற எறும்புதின்னி அழுங்கு, எல்லாவற்றையும் விற்றுவிடுவது என்று முடிவு செய்தது.

ஏழும் கரையான் புற்றுகளைக் குடைந்து அதுவே தோண்டியவை. ஒன்றில் அது இருந்தது. மற்றவற்றில் கீரியும் உடும்பும் முயல்களும் குடியிருந்தன. வாடகைக்கு எறும்பு முட்டை கொண்டுவந்து கொடுத்தன. கொடுத்தபோது செதிலாயி வாங்கிக்கொண்டது, கொடுக்காதபோது கேட்டுக் கேட்டு அலுத்துப்போனது.

இப்போது நகமும் மழுங்கிவிட்டது. காட்டுக் கட்டாந்தரையைக் கிளறி இரை தேட முடியவில்லை. மலையடிவாரச் சுனையருகே மண் இளகியிருக்கும். அங்கே ஒரு குகை கிடைத்தால் மிச்ச நாளைப் பட்டினியில்லாமல் ஓட்டலாம்.

அந்தக் குகை ஒரு முள்ளம்பன்றிக்குச் சொந்தம். தரகுக்கு வந்த ஓணான் அதன் பேச்சைக் கொண்டுவந்தது. குடித்தனக்காரர்களோடு ஏழு வளையும் கொடுத்தால் இன்றைக்கே குகை. சித்திரைக்குள் காலி செய்து கொடுத்தால், குகையோடு பக்கத்து ஈரமேடும் சேர்த்து.

“குடியோடு கொடுத்துவிடட்டுமா?” என்று கேட்டது செதிலாயி.

ஓணான் தலையாட்டியது.

“இல்லை, காலி செய்தே கொடுக்கட்டுமா?”

அதற்கும் ஆட்டியது. ஓணான் தலை எப்போதும் ஆடும். செதிலாயி தனக்குப் பிடித்த ஆட்டத்தை மட்டும் எடுத்துக்கொண்டது.

குடித்தனங்களுக்குச் சொல்லியனுப்பியது. உடும்பு முணுமுணுத்துக்கொண்டே போனது. முயல்கள் அழுதுகொண்டே போயின. கீரி மட்டும் நேரில் வந்தது.

“போகச் சொன்னால் போகிறோம், வீட்டுக்காரம்மா. ஆனால் வளைக்குள் கரையான் தினமும் மண் பூசுகிறது. நாங்கள் சுரண்டிப் போடுவதால்தான் அது வளையாக இருக்கிறது.”

“என் வளையிலா? என் வாசம் பட்டாலே கரையான் ஓடும். இன்னும் நாலு மாதம் ஒட்டிக்கொள்ளப் பார்க்கிறாயா?”

“உங்கள் வாசம் உங்கள் வளையில் இருக்கும், அம்மா. எங்கள் வளைக்கு நீங்கள் எப்போது வந்தீர்கள்?”

கீரி குட்டிகளைக் கவ்விக்கொண்டு போய்விட்டது. ஆற்றங்கரையில் புதிதாகச் சில வளைகள் தோண்டிக்கொண்டதாகப் பிறகு கேள்வி.

பங்குனியில் இரண்டு மழை பெய்தது. ஈர மண் கிடைத்ததும் கரையான்கள் வேலையைத் தொடங்கின. செதிலாயி போய்ப் பார்க்கவில்லை. அவ்வளவு தூரம் நடக்க அலுப்பு. காலியாகக் கிடப்பதில் பார்க்க என்ன இருக்கிறது என்று இருந்துவிட்டது.

சித்திரையில் முள்ளம்பன்றி குடும்பத்தோடு வந்தது. செதிலாயி முன்னால் நடந்து காட்டியது. முதல் வளை இருந்த இடத்தில் புற்று நின்றது. அடுத்ததிலும் அப்படியே. வாசல் இருந்த தடம்கூட இல்லை. செதிலாயி ஒரு புற்றில் நகத்தை வைத்துக் கீறிப் பார்த்தது. மண் உதிரவில்லை.

“வளை எங்கே, ஆத்தா?”

“உள்ளேதான் இருக்கிறது. கொஞ்சம் தோண்டினால் வந்துவிடும்.”

“நானே தோண்டுவதென்றால் உன்னிடம் எதற்கு வாங்க வேண்டும்?”

செதிலாயி குடியிருக்கும் ஒற்றை வளைக்காகக் குகையைக் கொடுக்க முள்ளம்பன்றிக்கு மனமில்லை. பிள்ளைகளைத் திருப்பி ஓட்டிக்கொண்டு போனது. ஓணான் வேலியிலிருந்து தலையாட்டியது.

குடியிருப்பவரின் உழைப்பும் வீட்டின் விலையில் அடக்கம்; அதை வெளியே அனுப்பிவிட்டு வீட்டை மட்டும் விற்க முடியாது.

ஆனி பத்தாம் தேதி, ஆற்றங்கரையில் மண் இளகிய ஓரிடத்தில், செதிலாயி கீரியின் வளையொன்றில் வாடகைக்குக் குடியேறியது.