அலுவலக உபயோகத்திற்கு மட்டும்

முட்டாள்களைத் தேடி நீங்கள் வெளியூர் போக வேண்டாம். எங்கள் ஊரிலேயே மூன்று பேர் இருக்கிறோம். சூசைராஜ், மாசிலாமணி, மூன்றாவது இதை எழுதுகிற ஆவுடையப்பன். மற்ற இரண்டு பேரும் என்னைத்தான் மூவரில் விவரமானவன் என்பார்கள். மீதியை நீங்களே ஊகித்துக்கொள்ளலாம்.

மூவரும் ஒரே நாளில் பள்ளிக்கூடத்தில் சேர்ந்தோம். யார் எப்போது பிறந்தோம் என்று வீட்டில் யாருக்கும் தெரியாததால், தலைமையாசிரியர் மூவருக்கும் ஜூன் ஒன்று என்று போட்டுவிட்டார். ஆகவே தாலுகா ஆபீசிலிருந்து ஓய்வு பெற்றதும் ஒரே நாளில்தான். முப்பத்தாறு வருஷம் எங்களுக்கு அங்கே ஒரே வேலை. வருகிற மனுக்களில் குறை கண்டுபிடித்துத் திருப்பி அனுப்ப வேண்டும். முதல் தடவையிலேயே ஒரு மனுவையும் ஏற்றுக்கொண்டதில்லை என்பதில் எங்களுக்குக் கொஞ்சம் கர்வமே உண்டு.

எனக்குக் குடலிறக்கம். அடிவயிற்றில் எலுமிச்சம்பழ அளவில் தொடங்கியது, ஓய்வு பெறும்போது மாதுளை அளவுக்கு வந்துவிட்டது. ஆபரேஷன் செய்தே ஆகவேண்டும் என்றார் டாக்டர். அரசு மருத்துவக் காப்பீட்டு அட்டை இருந்தால் இலவசம். ஆனால் ஜூன் முப்பதுக்குள் மனு கொடுத்தாக வேண்டும். தவறினால் அட்டை கிடையாது, ஆபரேஷனும் கிடையாது. என் மனைவி வடிவு தினமும் தேதியைக் கிழித்துக்கொண்டிருந்தாள்.

எங்களுக்குப் பென்ஷன் தரும் கருவூலத்தில் செண்பகவல்லி என்ற பெண் மூன்று படிவங்களைக் கொடுத்தாள். "ஒரு கட்டத்தையும் காலியா விட்டுராதீங்க சார். கம்ப்யூட்டர் ஏத்துக்காது" என்றாள்.

என் வீட்டில் உட்கார்ந்து எல்லாவற்றையும் நிரப்பினோம். கடைசிப் பக்கத்தில் ஒரு பெரிய கட்டம் இருந்தது. அதன் மேலே 'அலுவலக உபயோகத்திற்கு மட்டும்' என்று போட்டிருந்தது.

"இது நமக்கில்லவே" என்றேன்.

"முப்பத்தாறு வருசமா இந்தக் கட்டத்த நிரப்புனது யாரு?" என்று கேட்டான் மாசிலாமணி.

"நாமதான்."

"அந்தப் பிள்ள என்ன சொல்லிச்சு?"

"ஒரு கட்டத்தையும் விடாதீங்கன்னு."

"பொறவு என்ன?"

நான் பேனாவைத் திறந்தேன். ஆனால் தன் மனுவைத் தானே பரிசீலிப்பது விதிக்குப் புறம்பு. ஆகவே ஆளுக்கொன்றாக மாற்றிக்கொண்டோம். கூட்டாளி என்பதற்காகச் சலுகை காட்டக் கூடாது என்று சத்தியமும் செய்துகொண்டோம்.

மாசிலாமணி தன் வலக் கன்னத்தில் மச்சம் என்று எழுதியிருந்தான். எதிரே உட்கார்ந்திருந்த எனக்கு அது இடப்பக்கமாகத் தெரிந்ததால் விளக்கம் கேட்டுத் திருப்பினேன். சூசைராஜ் ஜூன் ஒன்றில் பிறந்தான் என்பதற்கு, அன்று கூட இருந்த இரண்டு பேரின் வாக்குமூலம் வேண்டும் என்று மாசிலாமணி எழுதினான். என் மனுவில் சூசைராஜ் சிவப்பு மையில் எழுதியது இது: 'மனுதாரர் உயிருடன் இருப்பதற்குச் சான்று இல்லை. நிராகரிக்கப்படுகிறது.'

"ஒம்ம முன்னாடி உக்காந்துதானவே காப்பி குடிச்சிட்டிருக்கேன்?" என்றேன்.

"நீரு இருக்கீருன்னு எனக்குத் தெரியும்வே. ஃபைலுக்குத் தெரியாதுல்லா."

நியாயமாகத்தான் பட்டது. அலைந்து திரிந்து கிராம நிர்வாக அலுவலரிடம் சான்று வாங்கிப் பதிவுத் தபாலில் அனுப்பினேன். சூசைக்கு என் அடுத்த வீடுதான், ஆனால் கையில் கொடுத்தால் வாங்க மாட்டான். தபால் போய்ச் சேர இரண்டு நாள் ஆனது. இருபதாம் தேதி உயிருடன் இருந்தது சரி, இன்றைக்கு இருபத்திரண்டு ஆயிற்றே என்று எழுதித் திருப்பி அனுப்பினான். மறுபடி சான்று, மறுபடி தபால். மூன்று தடவை இப்படி ஆனது. வயிறு இழுத்துப் பிடித்துக்கொண்டு வலித்தது. வடிவு சோற்றோடு அன்றைக்குக் கிழித்த தேதித்தாளையும் கொண்டுவந்து வைத்தாள்.

ஜூன் முப்பது சாயங்காலம் வலி பொறுக்காமல், நிராகரித்த மனுக்களோடு கருவூலத்துக்கே போய்விட்டோம். செண்பகவல்லி அந்தக் கட்டங்களைப் படித்துவிட்டு மேசையில் தலையைக் கவிழ்த்துக்கொண்டு வெகுநேரம் சிரித்தாள். பிறகு புதுப் படிவங்களைத் தானே நிரப்பி, எங்களிடம் கையெழுத்து மட்டும் வாங்கி, பத்தே நிமிஷத்தில் மூன்று அட்டைகளைக் கையில் கொடுத்துவிட்டாள்.

வெளியே வந்தோம். மூன்று பேர் முகமும் செத்துப்போயிருந்தது.

"ஒரு குறைகூட சொல்லலியே" என்றான் மாசிலாமணி.

"அப்போ அவ படிக்கவே இல்ல" என்றான் சூசை. என் பக்கம் திரும்பினான். "படிக்காம குடுத்த அட்டைய நம்பி வயித்தக் கிழிக்கக் குடுப்பீரா?"

நான்தான் விவரமானவன் ஆயிற்றே. மாட்டேன் என்றேன்.

'எங்கள் மனுக்களை முறைப்படி ஒரு தடவையாவது நிராகரிக்கும்படி வேண்டுகிறோம்' என்று அங்கேயே எழுதி, அட்டைகளையும் சேர்த்து உள்ளே இருந்த அதிகாரியிடம் கொடுத்தோம். அவர் மனுவை இரண்டு தடவை படித்தார், எங்களை மூன்று தடவை பார்த்தார். பிறகு 'கோரிக்கை ஏற்கப்பட்டது' என்று எழுதிக் கையெழுத்துப் போட்டுவிட்டு, அட்டைகளை டிராயரில் வைத்துப் பூட்டினார். எங்களுக்கு மனசு குளிர்ந்துவிட்டது. வயிற்றை ஒரு கையால் பிடித்துக்கொண்டு மறு கையால் இருவருக்கும் கை கொடுத்தேன்.

பஸ் ஏறிய பிறகுதான் வடிவு ஞாபகம் வந்தது. அட்டை போன கதையை வாயால் சொன்னால் அடி விழும், மனுவாக எழுதிக் கொடும் என்றான் சூசை. எழுதி அவனிடம் காட்டினேன். பத்து நாளாகியும் அது அவள் கைக்குப் போய்ச் சேரவில்லை. வடிவு என் மனைவிதான் என்பதற்கு ஆதாரம் இல்லை என்று சூசை திருப்பிவிட்டான். நாளைக் காலையில் அவளிடமே போய் ஒரு சான்று எழுதி வாங்கலாம் என்றிருக்கிறேன்.