நஞ்சியின் தலையும் இடுப்பளவு புல்லும்

மழை ஓயாத கொடும்பாறை மலைநாட்டை முன்னொரு காலத்தில் சிங்கராயன் என்று ஒரு ராஜா ஆண்டுவந்தார். நல்லவர்தான், ஆனால் நிலையான புத்தி கிடையாது. காலையில் யானை பரிசாகக் கொடுத்தவனை மாலையில் கழுவில் ஏற்றச் சொல்வார். அரண்மனையில் எல்லோரும் கழுத்தைத் தடவிப் பார்த்துக்கொண்டுதான் தூங்கப் போவார்கள்.

அவருடைய மூங்கில் காட்டுக்கு நஞ்சி என்ற மலைக்காரி காவல். ஒரு வருஷம் காடு முழுக்க ஒரே சமயத்தில் பூத்தது. நெல்மணி மாதிரி விதை கொட்டியது. பிறகு ஒரு மூங்கில் பாக்கியில்லாமல் காய்ந்து சரிந்தது. நாற்பது வருஷத்துக்கு ஒரு தடவை நடக்கிற காரியம் அது. அரண்மனையில் யார் கண்டார்கள்? திருவிழாப் பந்தலுக்கு ஒரு கழிகூட இல்லை என்பதுதான் ராஜாவுக்குத் தெரிந்தது.

பக்கத்திலேயே இருந்தார் அனந்த நம்பி. ராஜாவின் மாட்டு மந்தைக்கு அதிகாரி. அந்தக் காட்டை மேய்ச்சல் நிலமாக்க அவருக்கு வெகுநாள் ஆசை. காவல்காரி கவனிக்காமல் விட்டதால்தான் காடு செத்தது என்று ராஜாவின் காதில் ஓதினார். நாற்பது வருஷத்துக்கு முன் சிறுமியாக இருந்தபோது இதையே பார்த்ததாகவும், விதையிலிருந்து காடு தானே திரும்பும் என்றும் நஞ்சி கெஞ்சினாள். ராஜா மூன்று வருஷம் தவணை கொடுத்தார். அதற்குள் மூங்கில் வராவிட்டால் அவள் தலை போகும் என்றார்.

அந்த மூன்று வருஷமும் நஞ்சிக்குச் சோறு இறங்கவில்லை. விதை முளைத்தது, உண்மை. ஆனால் முளைத்ததெல்லாம் பார்வைக்கு அசல் புல். மூன்றாம் மழையிலும் இடுப்பைத் தாண்டவில்லை. தவணை நாளில் ராஜா யானைமேல் வந்தார், வாள்காரன் வந்தான், பின்னால் தன் மந்தையையும் ஓட்டிக்கொண்டு நம்பி வந்தார்.

"மன்னா, இது வெறும் புல். மாட்டை விடலாம்" என்றார் நம்பி.

நஞ்சி மாட்டுக்கு முன்னால் வந்து நின்றாள். பிறகு சொன்னாள். "புல்லுனா ஒரு கையால பிடுங்கிடலாமே சாமி. நம்பி ஐயா ஒண்ணே ஒண்ணு பிடுங்கட்டும். வந்துடுச்சுன்னா இங்கேயே என் தலைய எடுங்க."

ராஜாவுக்குப் பந்தயம் என்றால் உயிர். வராவிட்டால் என்ன செய்வாய் என்று நம்பியைக் கேட்டார். காடு வளரும்வரை தானே காவல் நிற்பதாக நம்பி மார்தட்டிவிட்டு, ஓரத்தில் இருந்த சின்ன மூங்கில் கன்றின் பக்கம் குனிந்தார்.

நஞ்சிக்கு மட்டும் தெரியும். அது பிந்தி முளைத்தது, வேர் இன்னும் பிடிக்கவில்லை. இரண்டு நாள் மழையில் மண்ணும் இளகிக் கிடந்தது. தொட்டால் வந்துவிடும்.

பயத்தை விழுங்கிக்கொண்டு, "அதுவே போதுங்கய்யா. பெருசு வேண்டாம், இடுப்பு பிடிச்சுக்கும்" என்றாள்.

கூட்டத்தில் யாரோ சிரித்தார்கள். நம்பிக்கு முகம் சிவந்தது. சின்னதை விட்டுவிட்டு, இருப்பதிலேயே பெரிய தூரைப் பற்றி இழுத்தார். முதலில் ஒரு கை, பிறகு இரண்டு கை. தலைப்பாகை விழுந்தது, சேற்றில் ஆளும் விழுந்தார். தூர் அசையவில்லை. ராஜாவும் யானையிலிருந்து இறங்கி இழுத்துப் பார்த்தார், முடியவில்லை. மண்வெட்டியால் தோண்டச் சொன்னார். அடியில் இஞ்சி மாதிரி முண்டும் முடிச்சுமாகக் கிழங்கு பரவியிருந்தது.

நஞ்சி சொன்னாள். "மூணு வருஷமா மண்ணுக்குள்ளதான் வளர்ந்திருக்கு சாமி. ஒவ்வொரு மழைக்கும் போன வருஷத்தவிடத் தடியாக் குருத்து விடும். இன்னும் ஏழெட்டு மழை போகணும். நடுவுல மாடு வாய் வெச்சா கெட்டுது."

அன்றிலிருந்து நம்பி தன் மந்தையைத் தானே கம்பெடுத்து விரட்டிக்கொண்டு நின்றார். அதற்குப்பின் எட்டாம் மழையில் ஆள் உயரத்துக்கு மேலே குருத்துகள் கிளம்பின.

ராஜா நஞ்சியை அழைத்து, என்ன பரிசு வேண்டும் என்றார். அவள் காட்டைக் காட்டிச் சொன்னாள்.

"இந்தக் காடு மறுபடி பூக்கறப்ப நானும் இருக்க மாட்டேன், நீங்களும் இருக்க மாட்டீங்க. ஆனா காவலுக்கு ஒருத்தி இருப்பா. காடு காஞ்சா அவ தலையக் கேக்காதீங்கன்னு ஒரு கல்லு நட்டு வைங்க சாமி."

கல் வெட்டினார்கள். அடியில் மன்னர் பெயரைப் பொறிக்கட்டுமா என்று கல்தச்சன் கேட்டான்.

"வேண்டாம்ப்பா, வெட்கமாக இருக்கிறது" என்றார் ராஜா.