ஓய்வு கேட்ட திருப்புளி

நாகர்கோவிலில் ஒரு தையல் கடையின் மாடியறையில் ஒரு திருப்புளி இருந்தது. அதற்கு எப்போதும் களைப்பாக இருந்தது.

அது ஜெயசீலியின் திருப்புளி. ஜெயசீலி பழைய கணினிகளைப் பழுதுபார்க்கிறவள். மற்றவர்கள் "இது இனி ஆகாது" என்று கைவிரித்த பெட்டிகள் எல்லாம் அவளிடம் வரும். மார்த்தாண்டத்திலிருந்து வரும், திங்கள்சந்தையிலிருந்து வரும், சில சமயம் திருநெல்வேலியிலிருந்துகூட பஸ் ஏறி வரும். திருகாணிகளைக் கழற்றி, வந்ததை முதலில் திறக்க வேண்டியது திருப்புளி. வேலை முடிந்ததும் மூட வேண்டியதும் அதுதான்.

அதன் பக்கத்தில் ஒரு குறடு இருந்தது. கறுத்த, குட்டையான குறடு. அதிகம் பேசாது.

"எனக்கு ஒரு நாள் சும்மா கிடக்க வேண்டும். யாரும் எடுக்காமல் ஒரே ஒரு நாள்," என்று திருப்புளி அதனிடம் சொல்லும்.

"கிட," என்று குறடு சொல்லும்.

"நான் கிடந்தால் யார் திறப்பது?"

இந்தப் பேச்சு அவர்களுக்குள் அடிக்கடி நடப்பதுதான்.

ஜெயசீலியும் களைத்துத்தான் இருந்தாள். ஒரு கணினியை முடிப்பதற்குள் இன்னொன்று படியேறி வந்துவிடும். குனிந்து குனிந்து கழுத்து இறுகிவிட்டது. வலது மணிக்கட்டு வலிக்கும்போது இடது கையால் அதைப் பிடித்துக்கொண்டு கொஞ்ச நேரம் ஜன்னலைப் பார்த்து உட்கார்ந்திருப்பாள். பிறகு மறுபடியும் திருப்புளியை எடுப்பாள்.

இப்படி இருக்கையில் துபாயிலிருந்து விடுமுறைக்கு வந்த அவள் அக்காவின் கணவர் ஒரு பெரிய பெட்டியைக் கொண்டுவந்து மேசைமேல் வைத்தார்.

"இதுக்குள்ள இல்லாத டூல்ஸே கெடையாது சீலி. இனிமே அந்தப் பழசை வச்சிட்டு நீ கஷ்டப்படாண்டாம்," என்றார்.

பெட்டியைத் திறந்ததும் மேசையே பளிச்சென்றது. வரிசையாக எத்தனையோ கருவிகள். நடுவில் சிவப்புக் கைப்பிடியோடு ஒரு புதுத் திருப்புளி.

"வணக்கம்," என்றது அது உற்சாகமாக. "எனக்கு நுனியில் காந்தம் இருக்கிறது. கைப்பிடியில் ரப்பர். எந்தத் திருகாணியாக இருந்தாலும் நான் கழற்றிவிடுவேன்."

"உன் எஃகு எப்படி?" என்று கேட்டது பழைய திருப்புளி.

"எஃகு என்றால்?"

குறடு பழைய திருப்புளியைப் பார்த்தது. அந்த ஒரு பதிலே போதுமானதாக இருந்திருக்க வேண்டும். ஆனால் களைத்துப்போனவர்களுக்குச் சில பதில்கள் காதில் விழுவதில்லை.

"நல்லது தம்பி. இனி நீ பார்த்துக்கொள்," என்றது பழையது.

மறுநாள் காலை தேவசகாயம் சார் வந்தார். பார்வையற்ற பிள்ளைகள் படிக்கும் பள்ளியில் கணக்கு வாத்தியார். அவருக்கும் பார்வை கிடையாது. ஆட்டோக்காரர் ஒரு கனத்த கணினியைத் தூக்கிக்கொண்டு முன்னால் ஏற, அவர் கைப்பிடிச் சுவரைத் தடவியபடி பின்னால் ஏறினார். ஜப்பானில் செய்த பழைய கணினி அது. வெள்ளையாக இருந்த மூடி மஞ்சளாகிவிட்டிருந்தது.

"எங்க பிரெய்ல் அச்சு மெஷின் இது சொன்னாத்தான் கேக்கும், மக்களே," என்றார் ஜெயசீலியிடம். "புதுக் கம்ப்யூட்டர் எதுல மாட்டினாலும் அசைய மாட்டேங்கு. இப்ப இதுவும் கண்ணை மூடிட்டு. பரீட்சை வருது. பிள்ளையளுக்குக் கணக்குப் புஸ்தகம் பாதிதான் அடிச்சிருக்கு."

"அதுவரைக்கும் யாராவது வாசிச்சுக் காட்டினா ஆகாதா சார்?"

"கதையின்னா ஆகும். கணக்கை எப்படிக் காதால கேக்க? ஒரு பின்னத்துல மேல என்ன இருக்கு, கீழ என்ன இருக்குன்னு விரல் வச்சுப் பாத்தாத்தானே பிள்ளைக்கு விளங்கும்?"

ஜெயசீலி தலையசைத்தாள். தலையசைத்தது அவருக்குத் தெரியாது என்று நினைவு வந்து, "சரி சார், இருங்க. இப்பவே திறந்து பாத்திருவோம்," என்றாள்.

அவள் கை மேசைமேல் வந்தது. பழைய திருப்புளிக்கும் புதியதற்கும் நடுவில் ஒரு கணம் நின்றது. மணிக்கட்டு வலித்திருக்க வேண்டும்.

பழைய திருப்புளிக்கு ஜப்பான் கணினிகளின் திருகாணிகளைத் தெரியும். அவற்றின் தலையில் இருக்கும் சிலுவைப் பள்ளம் மற்றவற்றைப் போலத்தான் தெரியும், ஆனால் உள்ளே அதன் கோணம் கொஞ்சம் வேறு. அதற்கென்றே கடைந்த நுனி வேண்டும். பழையதின் நுனி அப்படிக் கடைந்தது. லேசாக ஒரு முறை உருண்டிருந்தால் அது அவள் விரலில் பட்டிருக்கும். அது உருளவில்லை.

'அவன் பார்த்துக்கொள்வான்,' என்று எண்ணிக்கொண்டு அசையாமல் கிடந்தது.

ரப்பர்ப் பிடி கைக்கு இதமாக இருக்கும் என்று ஜெயசீலி புதியதை எடுத்தாள்.

வெளிமூடியின் திருகாணிகள் பல முறை கழன்று பழகியவை. எளிதாக வந்துவிட்டன. "பார்த்தீர்களா!" என்றது புதியது. மூடிக்குள்ளே, மின்சாரம் வாங்கும் பெட்டியை இறுக்கிப் பிடித்தபடி ஒரு திருகாணி இருந்தது. செய்த நாளிலிருந்து அதை யாரும் தொட்டதில்லை.

"யார் நீ? உன் நுனி எனக்குள் சரியாக உட்காரவில்லையே," என்றது அந்தத் திருகாணி.

"அதனால் என்ன? எனக்குக் காந்தம் இருக்கிறது."

"காந்தம் பிடிக்கும். திருப்புமா?"

ஜெயசீலி அழுத்தித் திருப்பினாள். நுனி வழுக்கியது. இன்னும் அழுத்தினாள். மறுபடியும் வழுக்கியது. அதற்கடுத்த முறை அது பள்ளத்தைவிட்டுத் துள்ளி, பக்கத்திலிருந்த பச்சைப் பலகையில் கிரீச்சென்று இழுத்துக்கொண்டு போய் நின்றது. அந்தப் பலகைதான் கணினியின் உயிர். அதன்மேல் ஓடும் செம்புக் கோடுகளில் ஒன்று அறுந்தாலும் கணினி பிழைப்பது கஷ்டம்.

"என்ன மக்களே, சத்தம் ஒரு மாதிரி கேட்டுது?" என்றார் தேவசகாயம் சார்.

"வழுக்கிட்டு சார். ஸ்க்ரூவோட தலை போச்சு."

"உள்ள எதுவும் பட்டுட்டா?"

ஜெயசீலி பூதக்கண்ணாடியை வைத்துப் பார்த்தாள். அவள் பேசாத அந்த நேரம் முழுதும் அவர் இரண்டு கையாலும் தன் முழங்கால்களை அழுத்திப் பிடித்துக்கொண்டிருந்தார்.

"கோடு அறல சார். மேல்பூச்சுதான் கீறியிருக்கு. தப்பிச்சோம்."

புதிய திருப்புளி தன் நுனியைப் பார்த்தது. கடித்துத் துப்பியதுபோல் மழுங்கியிருந்தது. "நான் தேய்ந்துவிட்டேனா?" என்றது நம்பமுடியாமல். "ஒரே திருகாணியிலா?"

ஜெயசீலி பழையதை எடுத்தாள். அது திருகாணியின் தலைக்குள் இறங்கியது. பற்றிக்கொள்ள அங்கே ஒன்றுமில்லை. சிலுவை இருந்த இடத்தில் ஒரு வட்டக் குழி மட்டும் இருந்தது.

"நான் வந்துவிட்டேன்," என்றது திருப்புளி.

"முதலிலேயே நீ வந்திருந்தால் முனகாமல் உன்னோடு வந்திருப்பேன்," என்றது திருகாணி. "இப்போது எனக்கு உன்னைப் பிடித்துக்கொள்ள இடமில்லையே."

திருப்புளி ஒரு சுற்று வீணாகச் சுற்றி நின்றது. முதலிலேயே உருண்டிருந்தால் அரை நிமிடத்து வேலை. அது மிச்சம் பிடித்த அரை நிமிடம் இப்போது எல்லோர் தலையிலும் ஏறி உட்கார்ந்திருந்தது.

ஜெயசீலி அதைக் கீழே வைத்தாள். பிறகு குறட்டை எடுத்தாள். குறட்டின் வாயில் நெடுக்குவாட்டில் கூரான பற்கள் உண்டு. தலை போன திருகாணிகளுக்காகவே அலைந்து தேடி வாங்கியது.

"உன் தலை கொஞ்சம் மேலே நிற்கிறது," என்றது குறடு. "வெளியிலிருந்து பிடிக்கிறேன். வலிக்கும்."

"எனக்கு இனி என்ன வலி? நானும் இந்தப் பெட்டியைப் பிடித்துப் பிடித்து அலுத்துப்போனேன். சீக்கிரம் ஆகட்டும்."

"சீக்கிரம் ஆகாது. மெதுவாகத்தான் ஆகும்."

குறடு கடித்தது. ஜெயசீலி மூச்சை அடக்கிக்கொண்டு திருப்பினாள். முதலில் ஒன்றும் நடக்கவில்லை. பிறகு சின்னதாக ஒரு முனகல். அப்புறம் திருகாணி கொஞ்சம் கொஞ்சமாக வெளியே வந்து மேசையில் விழுந்து உருண்டது.

மற்றது ஜெயசீலிக்குத் தெரிந்த வேலை. மின்பெட்டிக்குள் கண்டன்சர் என்கிற சின்ன உருளை ஒன்று வீங்கி ஒழுகியிருந்தது. அதை எடுத்துவிட்டு, ஒழுகிய இடத்தைத் துடைத்து, வேறொன்றைப் பற்றவைத்தாள். சுவிட்சைப் போட்டதும் கணினி ஒரு முறை 'பீப்' என்றது.

தேவசகாயம் சார் நாற்காலியிலிருந்து எழுந்தேவிட்டார். "அதேதான்! அந்தச் சத்தந்தான்!" என்று சிரித்தார். சிரித்து முடித்ததும், "நீ ஏதாவது சாப்பிட்டியா மக்களே?" என்று கேட்டார்.

"இனிமேத்தான் சார்."

அவர் கிளம்பும்போது ஜெயசீலி அந்தச் சிவப்புத் திருப்புளியை அவர் கையில் வைத்தாள். "உங்க பள்ளிக்கூடத்துல மணி சொல்லுற கடிகாரம் இருக்குல்லா? பேட்டரி மாத்த இது ஆகும் சார். அது பிளாஸ்டிக் மூடிதானே."

"என்னைத் தள்ளிவிடுகிறார்களா?" என்று கேட்டது அது.

"உன் பலத்துக்கு ஏற்ற வேலைக்கு அனுப்புகிறார்கள்," என்றது குறடு.

"எனக்கு எல்லாம் முடியும் என்று பெட்டியின் மேல் எழுதியிருந்தது. நான் அதை நம்பிவிட்டேன்."

"உன்மேல் தப்பில்லை," என்றது பழைய திருப்புளி. "நீ வழுக்குவாய் என்று எனக்கு அப்போதே தெரிந்திருக்க வேண்டும். தெரிந்துகொள்ள எனக்கு மனமில்லை. ஓய்வு வேண்டியிருந்தது."

சாயங்காலம் ஜெயசீலி வடசேரியில் ஒரு கருவிக் கடைக்குப் போனாள். கைப்பையில் ஒரு ஜப்பான் கணினியின் நல்ல திருகாணி ஒன்றை எடுத்துப் போயிருந்தாள்.

"செட்டா எடுத்துக்குங்க மேடம். பாருங்க, என்ன பளபளப்பு!" என்றார் கடைக்காரர்.

"எனக்கு ஒண்ணு போதும்."

திருப்புளிகளை ஒவ்வொன்றாகக் கையில் வாங்கி, நுனியில் திருகாணியைச் செருகி, பொருந்தி நிற்கிறதா என்று படுக்கைவசமாகப் பிடித்துப் பார்த்தாள். முதலாவதில் திருகாணி ஆடிக் கீழே விழுந்தது. அடுத்ததிலும் விழுந்தது. கடைக்காரர் சலித்துக்கொண்டே உள்ளேயிருந்து ஒன்றை எடுத்துவந்தார். அதற்கு ரப்பரும் இல்லை, பளபளப்பும் இல்லை. அதில் செருகிய திருகாணி அப்படியே நின்றது. லேசாக ஆட்டிப் பார்த்தாள். அப்போதும் விழவில்லை.

"அது மேல தூசி அடைஞ்சு கெடக்கே மேடம்."

"தொடச்சிக்கிடலாம்," என்றாள் ஜெயசீலி.

மறுநாள் காலை அது பழைய திருப்புளிக்குப் பக்கத்தில் கிடந்தது. இரண்டும் ஒன்றையொன்று பார்த்துக்கொண்டன.

படியில் யாரோ கனத்த காலடியோடு ஏறி வந்தார்கள். இன்னொரு கணினி. ஜெயசீலியின் கை மேசைக்கு வந்தது. பழைய திருப்புளி பழக்கத்தில் அவள் பக்கம் லேசாக உருண்டது. கை அதைத் தாண்டிப்போய்ப் புதியதை எடுத்தது.

அதற்கு ஒரு கணம் வலித்தது. பிறகு காதைத் தீட்டிக்கொண்டு காத்திருந்தது. இப்போது வழுக்கும், இப்போது தன்னைத் தேடி அந்தக் கை வரும் என்று உடம்பை இறுக்கிக்கொண்டு கிடந்தது. முதல் திருகாணி 'டிக்' என்று அசைந்து வெளியே வந்தது. அடுத்ததும் வந்தது. கை வரவில்லை.

மூடி திறக்கும் சத்தம் கேட்டபோதுதான் அதன் உடம்பு தளர்ந்தது. இத்தனை காலம் களைப்பு என்று அது நினைத்திருந்ததில் பாதி, தான் விட்டால் பிடிக்க ஆளில்லை என்ற பயம்.